இடது கால் பூட்ஸ்

இரவு ஜெபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே விதி:
இல்லாததைக் கேட்பதற்கு முன்னால்
இருப்பதில் ஒன்றைத் தொட்டு
நன்றி சொல்லியாக வேண்டும்.
நான் வைத்த விதி.

லிசேபோ போர்வையைத் தொட்டாள்.
மண்ணெண்ணெய் அடுப்பைத் தொடப் போனாள்,
சூடு ஆறட்டும் என்றேன்,
உட்கார்ந்து காத்திருந்து தொட்டாள்.
ஒருநாள் பூனையை. ஒருநாள்
சோளக்களிச் சட்டியில் அடிப்பிடித்த காந்தலை.
"கேயா லெபோஹா, ஆண்டவரே" என்பாள்,
கடையில் மீதிச் சில்லறையைச்
சரிபார்த்து வாங்குகிறவள் போல.
எனக்குப் பெருமை பிடிபடவில்லை.
நன்றியைக் கற்றுக்கொடுத்துவிட்டேன்,
இனி கணக்கைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூனில் செமொன்கோங்கின் மேல் குளிர் இறங்கியது.
கொட்டகையில் ஆறு நாள் குனிந்து
ஆட்டுமயிர் ரகம் பிரித்த கூலி
ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் பூட்ஸாக வீட்டுக்கு வந்தது.
அன்றிரவு இரண்டையும் மடியில் வைத்து
நன்றி சொன்னவள்
ஆமென் வருவதற்குள் கண்ணைத் திறந்தாள்:
"அம்மா, ரெலெபோஹிலே எதைத் தொடுவாள்?"

ரெலெபோஹிலே.
'நன்றி சொல்லிவிட்டோம்' என்று பொருள் எங்கள் மொழியில்.
ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு.
உறைபனிக் காலையிலும்
வெறுங்காலோடு பள்ளிக்கு வருகிற பிள்ளை.

"அவளுக்கும் ஏதாவது இருக்கும், தூங்கு."
விளக்கை ஊதினேன்.
அத்தனை வேகமாக ஊதியிருக்க வேண்டாம்.

மறுநாள் மாலை
ஒரு காலில் சிவப்பு, ஒரு காலில் சேறு,
நொண்டியடித்துக்கொண்டு வந்தாள்.
தொலைத்தாயா என்றேன்.
இல்லையாம்.
ஞாயிறு வகுப்பில் சொன்னார்களாம்:
ஒட்டகமயிர் உடுத்திய ஒருவர்
ஆற்றங்கரையில் நின்று,
இரண்டு உள்ளவர் ஒன்றைக் கொடுங்கள் என்றாராம்.
"எண்ணிப் பார்த்தேன் அம்மா. இரண்டு இருந்தது."

நான் கத்தியதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.
ஆறு நாள் என்பதை ஆறு தடவை சொன்னேன்.
சட்டை வேறு, பூட்ஸ் வேறு என்றேன்.
அந்த மனிதர் மயிரை உடுத்தினார்,
பிரித்துப் பார்த்தாரா என்றுகூடக் கேட்டேன்;
அதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்,
அவரிடம். இவளிடம் இல்லை.

இருட்டியபின் கதவு தட்டியது.
ரெலெபோஹிலேயின் அம்மா.
போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்,
வலது கால் பூட்ஸை.
கழுவி, துடைத்து,
உள்ளே பழந்துணி திணித்து உலர்த்தியிருந்தாள்.
"குழந்தைகள்..." என்றாள்.
"குழந்தைகள்தானே" என்றேன்,
சொல்லிக்கொண்டே கை நீட்டினேன்.
நீட்டும்போது கண் கீழே போயிற்று.
லாரி டயரை வெட்டிக்
கம்பியால் கட்டிய செருப்பு.
ஒன்பது வருடமாக ஆலயத்தில்
எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள்.
பின்னங்கழுத்து மட்டும்தான் தெரியும் எனக்கு.

ஒவ்வொரு இரவும் நன்றி சொல்லியிருக்கிறேன்.
சொல்லி முடித்து,
பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறவள் போல
திரும்பிப் படுத்திருக்கிறேன்.

நீட்டிய கையை இனி என்ன செய்வது?
அவள் முழங்கையைப் பிடித்தேன்.
உள்ளே வா, களி இருக்கிறது என்றேன்.

அடுத்த கூலிக்கு இன்னும் மூன்று வாரம்.
அதுவரை ஓடையைத் தாண்டுகிறார்கள் இரண்டு பேரும்
தோளில் தோள் கோத்து,
வெளிக்கால்களில் சிவப்பு,
உள்கால்களில் மாவுப் பைச் சுற்று.
பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.
எனக்கும் சில நாள் சிரிப்பு வருகிறது.

நேற்று லிசேபோ இடது பூட்ஸைத் தொட்டாள்,
நன்றி சொன்னாள், படுத்துவிட்டாள்.
"வலதுக்கு?" என்றேன் பழக்க தோஷத்தில்.
"அதை அவள் சொல்வாள்."

பிறகு என் முறை.
இருட்டில் கையை நீட்டித் துழாவினேன்.
அடுப்பருகே, கழுவாமல்,
எங்கள் இரண்டு தட்டுகளுக்கு மேல்
இன்னும் இரண்டு தட்டு.